பாட்டே பூசனை: விழுப்புரம், திண்டிவனம் பகுதித் துறவியர் மரபு

திருக்குட நன்னீராட்டு விழாவிற்குக் கூடும் அன்பர்கள் விமானத்தையும் கலசத்தையும் கண்டு கைகூப்புகின்றனர். கல்லாலும் சுதையாலும் ஆகிய திருக்கோயிலோடு, சொல்லால் ஆகிய கோயிலொன்றும் இந்நாட்டில் வழிவழியாக எழுப்பப்பட்டு வந்துள்ளது. அதனை எழுப்பியோருள், பொருளை வேண்டாது பாட்டையே பூசனையாகக் கொண்ட துறவியர் பலர். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் அவர் அடிச்சுவடுகளை இன்றும் காணலாம்.

இம்மரபிற்கு ஊற்றுக்கண் திருவெண்ணெய்நல்லூர். மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரை இறைவன் முதியவராய் வந்து ஓலை காட்டி ஆட்கொண்டது இவ்வூரிலேயாம். ஆட்கொண்டபின் பெருமான் வேண்டியது பொன்னுமன்று, பூவுமன்று, தமிழ்ப் பாட்டே. வழக்கிடையே தம்மை வைத மொழியையே முதலாக வைத்துப் பாடுமாறு பணித்த பெருங்கருணையை என்னென்பது!

பாட்டு இறைவனுக்குரிய பூசனையாயின், அதனை மானுடர்க்குப் படைத்தல் தகுமோ? இவ்வினா எழுந்த இடம், புதுவைக்கு வடக்கே கடற்கரையை அடுத்துள்ள பொம்மபுரம். இந்நாளில் பொம்மையபாளையம் என வழங்குவது. அங்குள்ள வீரசைவ மடத்தில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தருளியிருந்தார் சிவஞான பாலய சுவாமிகள். இலிங்கத்தை உடலிற் பிரியாது அணிந்து, நாள்தோறும் அங்கையில் எழுந்தருளச் செய்து வழிபடுதல் வீரசைவத் துறவியர் ஒழுக்கம்.

அவரைக் காணத் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகளைச் சாந்தலிங்க சுவாமிகள் அழைத்துவந்தார். சிவப்பிரகாசரோ இல்லறம் புகாத கடுந்துறவி. நால்வர் நான்மணிமாலை, பிரபுலிங்கலீலை முதலியன அருளிய கவிஞர். பாலய சுவாமிகள்மீது பாடுக என்றபோது, ‘மானுடரைப் பாடேன்’ என்று மறுத்தார். அன்றிரவு மயிலம் முருகப்பெருமான் அவர் கனவிற்றோன்றிப் பணித்தருள, விழித்தெழுந்து தாலாட்டும் நெஞ்சுவிடுதூதும் பாடிச் சுவாமிகள் திருவடியிற் சாத்தினார் என்பது செவிவழி வரலாறு. அம்மயிலம் திண்டிவனத்திற்கு அண்மையது. அக்குன்றுக்கோயில் இன்றும் பொம்மபுர ஆதீனத்தைச் சார்ந்தது.

மடத்திற் பயின்ற இளமைக் காலத்தில் இவ்வரலாற்றைக் கேட்ட யான், ‘அப்பெரியவர் தம் நோன்பினின்று வழுவினாரல்லரோ?’ என்று ஆசிரியரை வினவினேன். அவர் சினந்திலர். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பாவை ஓதும்படி பணித்தார். அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுக என்பது அதன் கருத்து. ஓதி முடித்ததும், ‘பொருள் நாடிப் பாடுவதே வழு, குருவைப் பாடுதல் சிவனைப் பாடுதலேயாம்’ என்றார். அந்நூலைத் தந்த மெய்கண்டாரும் திருவெண்ணெய்நல்லூரில் விளங்கியவரே. வினா எழுந்ததும் விடை முன்னரே பிறந்திருந்ததும் இந்நிலத்திலேயே என்பதைப் பின்னாளில் எண்ணி வியந்தேன்.

இரண்டு நூற்றாண்டு கழிந்தபின் விழுப்புரத்திற்கு அருகே திருவாமாத்தூரில் இவ்விளக்கு மீண்டும் சுடர்விட்டது. மூவர் பாடல் பெற்றதும், இரட்டைப்புலவர் கலம்பகம் பெற்றதுமான அத்தலத்தில் மடம் அமைத்து உறைந்தார் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839-1898). நெல்லைச் சீமையிற் பிறந்து, ஊர்தோறும் நடந்து, அருணகிரிநாதரை உள்ளத்திருத்தி முருகனைப் பாடியவர். அவர் பாடியவை இலட்சம் என்பர். முருகனடியாராயினும் சிவபெருமானையும் திருமாலையும் ஏனைத் தெய்வங்களையும் வேறுபாடின்றிப் பாடினார். கொல்லாமையை உயிரினும் ஓம்பினார். பொருட்செல்வரைப் பாடாத அத்துறவி புலவர்களின் வரலாற்றைப் புலவர் புராணமெனப் பாடிவைத்தார். பாடும் அடியாரையும் பாடத்தக்கவராகக் கொண்ட அச்செயல், யான் ஆசிரியரிடம் கேட்ட விடைக்கு உரைபோல் அமைந்தது. திருவாமாத்தூரிலேயே அவர் சமாதி கொண்டுள்ளார்.

இப்பெரியோர் நமக்கு வைத்துச் சென்றது நிலமன்று, நிதியன்று, ஏடுகளே. சிதைந்த கோபுரத்தைக் காண்போர் நெஞ்சம் பதைக்கின்றது; பொருளும் திரள்கின்றது. செல்லரிக்கும் சுவடிக்காகப் பதைப்பார் எத்துணையர்? முதுமையில் எமக்குள்ள கவலை இதுவொன்றே. அடியாரும் ஆலயமும் அரனே எனின், அடியார் திருவாக்கும் திருப்பணிக்கு உரியதன்றோ? அன்பர் ஒவ்வொருவரும் தம் ஊர்த் துறவியர் பாடல் ஒன்றையேனும் மனனஞ்செய்து பிள்ளைகட்கும் ஓதுவிப்பாராக. தம் இல்லத்துப் பழஞ்சுவடிகளைக் கற்றாரிடம் காட்டிப் படியெடுப்பாராக. கலசத்திற்கு ஆட்டிய நன்னீர் ஒருநாளில் உலர்ந்துவிடும். நாவில் ஏறிய தமிழ் உலராது.

திருச்சிற்றம்பலம்.