கவிஞர் கொடுத்த காப்பிக்கொட்டை

காப்பியின் வீரியம் எந்தப் பொருளில் அடங்கியிருக்கிறது என்பதை உலகம் அறிவதற்கு ஒரு மகாகவியின் குதூகலமும் ஒரு பூனையின் பொறுமையும் துணைநின்றன என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஜெர்மனியின் யேனா நகரத்துச் சர்வகலாசாலையில் டோபரைனர் என்ற ரசாயனப் பேராசிரியரிடம் பயின்ற ஃபிரீட்லீப் ரூங்கே என்னும் இளைஞர், மருந்துக்கடையில் தொழில் பழகிய நாளில் விஷப்பூண்டு ஒன்றின் சாறு தவறிக் கண்ணில் தெறிக்க, கண்ணின் பாவை விரிந்து நின்றதைக் கண்டதுமுதல், தாவர விஷங்களின் ஆராய்ச்சிக்கே மனத்தைப் பறிகொடுத்தவர். சக மாணாக்கர் அவருக்கு 'விஷ டாக்டர்' என்று பட்டமே சூட்டியிருந்தனர். அவருடைய வித்தையைக் கேள்வியுற்ற மகாகவி கதே, அதை நேரில் காண விரும்பி 1819-இல் அவரை வரவழைத்தார்.

இரவல் கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணிந்து, பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரூங்கே கடைவீதி வழியே நடந்த காட்சி மாணவர்களுக்கு நல்ல வேடிக்கையாயிற்று. ஒரு கண்ணில் மட்டும் சாறு விடப்பட்டிருந்த அந்தப் பூனையின் பாவைகளில் ஒன்று கோடாய்ச் சுருங்கியும் மற்றது வட்டமாய் விரிந்தும் நின்ற விநோதத்தைக் கண்டு மகிழ்ந்த 70 வயதுக் கவிஞர், விடைகொடுக்கும்போது காப்பிக்கொட்டை நிறைந்த சிறு பெட்டியொன்றை நீட்டி, இதையும் ஆராயுமாறு பணித்தார். வெகுவிரைவில் ரூங்கே அதிலிருந்து பட்டிழை போன்ற வெண்ணிற ஊசிப் படிகங்களைப் பிரித்தெடுத்தார். அதுவே கஃபீன். பாரிஸ் ரசாயனிகள் 1821-இல் தாமாகவே அதைக் கண்டதும், தேயிலையின் சத்தும் அதுவே என்று 1838-இல் நிரூபணமானதும் ரசாயன சரித்திரத்தில் தனிக் கதைகள்.

பொருள் கைக்கு வந்துவிட்டது. அது மனிதனை என்ன செய்கிறது என்ற கேள்வியோ ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, ஆய்வுக்கூடத்தில் அன்று, நியாயஸ்தலத்தில் எழுந்தது. கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் 1909-இல் அமெரிக்க அரசாங்கம் கோகோ-கோலா பாகு நிரம்பிய 40 பீப்பாய்களையும் 20 சிறு பீப்பாய்களையும் கைப்பற்றி, அதிலுள்ள கஃபீன் கேடு விளைப்பது என்று வழக்காடியது. டென்னஸி மாகாணத்துச் சட்டனூகாவில் 1911-இல் நடந்த விசாரணைக்காக, ஹாரி ஹாலிங்வர்த் என்ற இளம் மனோதத்துவ ஆசிரியர் 16 பேரை நியூயார்க்கில் ஒரு வீட்டில் கூட்டி, கஃபீன் அடைத்த குளிகை யாருக்கு, வெறும் பால்சர்க்கரை அடைத்தது யாருக்கு என்பதை உண்பவரும் அறியாமல், சோதிப்பவரும் அறியாமல் வாரக்கணக்கில் பரீட்சித்தார். அன்றாடச் சோதனைகளை மேற்பார்த்தவர் அவர் மனைவி லீட்டா. கம்பெனியின் பணத்தில் நடந்த ஆராய்ச்சியாயினும், அதில் கையாண்ட ஒழுங்கைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வேலையின் வேகம் கூடிற்று. அளவு மிகுந்தபோது கைநடுக்கமும் சிலருக்கு உறக்கக் கேடும் தோன்றின. நீதிபதியோ இச்சாட்சியங்களை எடைபோடாமல், சட்ட நுணுக்கம் ஒன்றைக் கொண்டே வழக்கை முடித்துவிட்டார்! மேல்முறையீட்டுக்குப் பின் கம்பெனி சமரசத்துக்கு இசைந்து, பானத்தில் கஃபீனைக் குறைத்துக்கொண்டது.

வேகம் கூடியது எதனால் என்பதற்கு 1970-ஐ ஒட்டியே தடயம் அகப்பட்டது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து, நரம்பணுக்களின் ஏற்பிகளில் பொருந்தி, அயர்வை உண்டாக்குகிறது. உருவில் அதனை ஒத்த கஃபீன் அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் வாசலை அடைத்துக்கொள்கிறது. ஆகவே காப்பி புதிய பலம் எதையும் தருவதில்லை. களைப்பு அப்படியே இருக்க, களைப்பின் செய்தி மட்டும் தடைப்படுகிறது.

உடலோ இதை ஒரு நெருக்கடியாகவே பாவிக்கிறது. வழக்கு நடந்த அதே டென்னஸியின் நாஷ்வில் நகரில் 1978-இல், காப்பிப் பழக்கமில்லாத இளைஞர் சிலருக்கு 250 மில்லிகிராம் கஃபீன் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் அட்ரீனலின் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆனால் நாள்தோறும் கொடுத்துவரவே, சில தினங்களில் அந்த ஏற்றம் அடங்கிவிட்டது. கார்ட்டிசால் என்னும் மற்றொரு நெருக்கடிச் சுரப்பு அவ்வளவு எளிதில் பழகிக்கொள்வதில்லை. தினமும் கஃபீன் உட்கொள்வோரிடம் காலை வேளைக்குச் சலனமற்றிருந்த அது, பிற்பகல் வேளைக்கு மீண்டும் தலைதூக்கியதைப் பிற்காலச் சோதனைகள் காட்டின.