'வீரன்' என்று அர்த்தம் தரும் குழந்தைப் பெயர்கள்: தர்மபுரி வேடியப்பன் முதல் ஜப்பான் தகேஷி வரை!

குழந்தை பிறந்ததும் வீட்டில் நடக்கும் முதல் பஞ்சாயத்து, பெயர் வைப்பதுதான். தாத்தா குலதெய்வத்தின் பெயரைச் சொல்வார். அப்பா செல்போனில் தேடிக்கொண்டு இருப்பார். 'வீரன்', 'வெற்றி பெறுபவன்', 'எதிரியை வெல்பவள்' என்று போட்டிருந்தால் உடனே பிடித்துப்போகும். ஆனால் அந்த அர்த்தம் சரிதானா? பிறப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் மாற்றுவது சுலபமில்லை என்பதால், முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

தர்மபுரியின் சொந்த வீரப்பெயர்

இண்டூர் உள்ளிட்ட தர்மபுரி வட்டாரத்தில் 'வேடியப்பன்', 'வேடி' என்ற பெயர்களைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். 'பழைய காலத்துப் பெயர்' என்று இன்றைய பெற்றோர் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இது நேராகப் போர்க்களத்திலிருந்து வந்த பெயர்.

பல்லவர் காலம் தொடங்கி, சண்டையில் இறந்த வீரர்களுக்கு இந்தப் பகுதியில் நடுகல் நட்டார்கள். ஆடுமாடுகளைக் கொள்ளையர்களிடமிருந்து மீட்கப் போய் உயிரைவிட்டவர்களின் கற்கள் இதில் நிறைய. மாட்டு மந்தையைத்தான் கல்வெட்டுகள் 'தொறு' என்கின்றன. கையில் வில், வாளோடு செதுக்கப்பட்ட இந்தக் கற்களில் பலவற்றை, தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்ட மக்கள் வேடியப்பன் என்று பெயர் சொல்லி இன்றும் கும்பிடுகிறார்கள். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்களைப் பார்க்கலாம்.

அதாவது, வேடியப்பன் ஊரைப் பிடிக்கப் போனவர் அல்ல. ஊரைக் காக்க நின்றவர்.

அப்போ அதியமான்? தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அரச மரபின் பெயர்தான் அதியமான். நெடுமான் அஞ்சியின் வீரத்தால் அந்தப் பெயருக்குக் கம்பீரம் வந்தது.

தமிழில் போரைச் சொல்லும் பெயர்கள்

வெற்றிவேல், சக்திவேல், கதிர்வேல் எல்லாம் முருகனின் ஆயுதத்தை வைத்து வந்தவை. சங்க இலக்கிய மரபில் போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ உண்டு. மாடுகளைக் கவர வெட்சி, மீட்க கரந்தை, கோட்டையைக் காக்க நொச்சி, நேருக்கு நேர் மோத தும்பை, ஜெயித்தால் வாகை. வாகைச்செல்வன், வாகைச்செல்வி என்றால் வெற்றிக்குரியவர் என்று பொருள். நடுகல் வீரர்களின் பூ எதுவென்று கேட்டால், கரந்தைதான்.

ஒரே பெயர், இரண்டு அர்த்தம்

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்.

அமரன்: தமிழில் 'அமர்' என்றால் போர். சமஸ்கிருதத்தில் 'அமர' என்றால் இறப்பில்லாத. அமரன் என்ற பெயர் இரண்டாவதிலிருந்து வந்தது.

ரஞ்சித்: 'ரணஜித்' என்று எடுத்தால் போரில் ஜெயித்தவன். 'ரஞ்சித' என்று எடுத்தால் மகிழ்விக்கப்பட்டவன்.

சமர்: நமக்கு இது போர். அரபியில் இதே மாதிரி ஒலிக்கும் பெயருக்கு இரவு நேரத்துப் பேச்சு என்று அர்த்தம்.

துர்கா: 'போர்' என்று நேரடி அர்த்தம் கிடையாது. எளிதில் நெருங்க முடியாதவள் என்பதே பொருள். கோட்டைக்கும் 'துர்கம்' என்றுதான் பெயர்.

உலக நாடுகளில் எப்படி?

நம்ம ஊர் கிறிஸ்தவக் குடும்பங்களில் கேட்கும் ஹில்டா என்ற பெயருக்குப் பழைய ஜெர்மானிய மொழியில் 'போர்' என்றே அர்த்தம். மெட்டில்டா என்றால் போரில் வலிமை. லூயிஸ் என்றால் புகழ்பெற்ற போராளி. வில்லியம் பெயருக்குள் தலைக்கவசம் இருக்கிறது. கிரேக்கப் பெயரான அலெக்சாண்டருக்கு 'மனிதர்களைக் காப்பவன்' என்று பொருள்.

அரபியில் சைஃப் என்றால் வாள், மன்சூர் என்றால் வெற்றி அருளப்பட்டவர். ஜப்பானில் தகேஷி என்ற பெயரைப் பெரும்பாலும் வீரம், போர் என்ற பொருள் தரும் எழுத்துகளில் எழுதுவார்கள். துருக்கியில் 'சவாஷ்' என்றே ஆண்களுக்குப் பெயர் உண்டு. அதற்கு நேர் அர்த்தம், போர்.

பதிவு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பெயரை அன்றைக்கே முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர் இல்லாமல் பதிவு செய்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒருமுறை ஏறிய பெயரை 'அர்த்தம் பிடிக்கவில்லை' என்று பதிவேட்டில் மாற்ற முடியாது. பிறகு அரசிதழ் வழியாகத்தான் பெயர் மாற்றம் செய்ய வேண்டியிருக்கும்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே முக்கிய ஆவணம். அதனால் அவசரப்பட வேண்டாம். பெயர் எந்த மொழிச் சொல் என்று பாருங்கள், இரண்டாகப் பிரித்து அகராதியில் தேடுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகளை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். கூடவே, தாத்தா சொல்லும் அந்தப் 'பழைய' பெயருக்கு என்ன கதை என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.