பழைய கைத்துப்பாக்கிகளுக்கான தோட்டாத் தேர்வு

பழைய கைத்துப்பாக்கிகளுக்கான தோட்டாத் தேர்வு என்பது, பல பத்தாண்டுகளுக்கு முன்னர் செய்யப்பட்ட ரிவால்வர், பிஸ்டல் ஆகியவற்றில் ஆபத்தின்றிச் சுடத்தக்க தோட்டாவை இனங்காணும் முறையாகும். ஒரு தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் நுழைவது, அது அத்துப்பாக்கிக்கு உரியது என்பதற்குச் சான்றாகாது. பொருந்தாத தோட்டா ரிவால்வரின் உருளையையோ குழலையோ பிளக்கக்கூடும். அதனால் சுடுபவரின் கைகளுக்கும் கண்களுக்கும், அருகில் நிற்பவர்களுக்கும் கடுங்காயம் நேரலாம்.

இந்தியாவில் இத்தகைய துப்பாக்கிகள் பல, குடும்பச் சொத்தாகக் கைமாறி வருபவை. 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, உரிமம் பெற்றவர் இறந்த பின்னரோ, அவர் 70 வயதை எட்டியபோதோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்த பின்னரோ சட்டப்படியான வாரிசு அதற்கு உரிமம் கோரலாம். பழைய உரிமங்களில் ".32 போர் ரிவால்வர்" என்பது போன்ற சுருக்கமான குறிப்பு மட்டுமே இருப்பதுண்டு. அக்குறிப்பைக் கொண்டு மட்டும் தோட்டாவைத் தெரிவு செய்ய இயலாது.

போர் எண்ணும் தோட்டாவின் பெயரும்

போர் எண் என்பது குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் தோராயமாகக் குறிப்பதாகும். தோட்டாவின் முழுப்பெயர் அதன் உறையின் நீளம், விளிம்பு, குண்டின் விட்டம், அழுத்தம் ஆகிய அனைத்தையும் குறிக்கும். ஒரே எண்ணைக் கொண்ட பல தோட்டாக்கள் வழக்கில் உள்ளன. எடுத்துக்காட்டாக, .32 என்ற எண்ணின் கீழ் 1878 இல் அறிமுகமான .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், 1896 இல் அறிமுகமான .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், 1899 இல் அறிமுகமான .32 ஏ.சி.பி. ஆகியன அடங்கும். இவற்றுள் மூன்றாவது, ஐரோப்பாவில் 7.65 மி.மீ. பிரௌனிங் எனப்படுகிறது.

எண் சில வேளைகளில் உண்மை அளவையும் காட்டுவதில்லை. .38 ஸ்பெஷல் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ .358 அங்குல விட்டமுடையது. .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ .361 அங்குல விட்டமுடையது.

வெடிமருந்தும் அழுத்தமும்

19 ஆம் நூற்றாண்டின் இறுதி வரை தோட்டாக்களில் கருமருந்து பயன்பட்டது. 1884 இல் பிரான்சின் பால் வியேல் புகையிலா வெடிமருந்தை உருவாக்கினார். 1889 இல் பிரித்தானியாவில் கார்டைட் உருவாக்கப்பட்டது. புகையிலா வெடிமருந்து அதே எடையுள்ள கருமருந்தைவிட மிகுந்த ஆற்றல் உடையது. எனவே கருமருந்துக்கென வடிவமைக்கப்பட்ட துப்பாக்கியில் இக்காலத் தோட்டாவைச் சுடுதல் ஆபத்தானது. வாய்வழி மருந்து இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிகளில் கருமருந்தையோ, அதற்கு மாற்றாகவே தயாரிக்கப்பட்ட மருந்தையோ தவிர வேறெதையும் பயன்படுத்தலாகாது.

இம்மாற்றத்தைப் பிரித்தானியப் படையின் வெப்ளி ரிவால்வர்களில் காணலாம். இவ்வரிசையின் முதல் வடிவம் 1887 இல் ஏற்கப்பட்டது. 1897 இல் கார்டைட் நிரப்பிய, உறை குறுகிய .455 மார்க் 2 தோட்டா வந்தது. 1913 இல் ஏற்கப்பட்ட ஐந்தாம் வடிவத்தில், புகையிலா வெடிமருந்தைத் தாங்கும் பொருட்டு உருளை சற்றுப் பெரிதாக்கப்பட்டது. புகழ்பெற்ற ஆறாம் வடிவம் 1915 இல் வெளிவந்தது. ஆகவே "வெப்ளி" என்ற பெயர் மட்டும் போதாது. எத்தனையாவது வடிவம் என்பதும் தெரிய வேண்டும்.

குழப்பத்திற்கு இடமளிக்கும் தோட்டாக்கள்

கீழுள்ள அழுத்த அளவுகள் ஒரு சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்ற அலகில், தோராயமான உச்ச அளவாகத் தரப்பட்டுள்ளன.

• .455 வெப்ளியும் .45 ஏ.சி.பி.யும்: இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் விற்கப்பட்ட வெப்ளி ரிவால்வர்கள் பலவற்றின் உருளைப் பின்புறம் செதுக்கப்பட்டு, .45 ஏ.சி.பி. தோட்டா ஏற்குமாறு மாற்றப்பட்டது. முன்னதன் அழுத்தம் 13,000 அளவிலும், பின்னதன் அழுத்தம் 21,000 அளவிலும் உள்ளது. மாற்றப்பட்ட துப்பாக்கியில் தோட்டா நன்கு பொருந்தும். ஆனால் உருளையின் வலிமை கூடவில்லை. இவ்வாறு சுடப்பட்ட சில உருளைகள் வெடித்துள்ளன.

• .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் .38 ஸ்பெஷலும்: என்ஃபீல்டு எண் 2, வெப்ளி மார்க் 4 ஆகியன, .38/200 எனவும் .380 எனவும் அழைக்கப்படும் முதல் வகைத் தோட்டாவைச் சுடுபவை. இதன் உறை 19.7 மி.மீ. நீளமும், ஸ்பெஷலின் உறை 29.3 மி.மீ. நீளமும் உடையன. போருக்குப் பின் சில துப்பாக்கிகளின் அறைகள் ஸ்பெஷல் தோட்டாவிற்காக நீட்டிக் கடையப்பட்டன. அறை அகலமாகவே இருப்பதால், சுடும்போது ஒடுங்கிய உறை புடைத்தோ பிளந்தோ போவதுண்டு.

• .32 லாங்கும் .32 ஏ.சி.பி.யும்: இந்தியாவில் மிகுதியும் காணப்படும் குழப்பம் இதுவே. இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வர் 23 மி.மீ. உறையுள்ள லாங் தோட்டாவையும், அசனி பிஸ்டல் 17 மி.மீ. உறையுள்ள ஏ.சி.பி. தோட்டாவையும் பயன்படுத்துகின்றன. ஏ.சி.பி.யின் சிறு விளிம்பு காரணமாக அது ரிவால்வர் அறையிலும் தங்கிவிடும். லாங் தோட்டாவின் அழுத்தம் 15,000, ஏ.சி.பி.யின் அழுத்தம் 20,500. பழைய ரிவால்வரில் இதனைச் சுடலாகாது. மாறாக, குட்டையான .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டாவை லாங் அறையில் சுடலாம்.

• .38 ஏ.சி.பி.யும் .38 சூப்பரும்: இரண்டின் உறையும் ஒரே அளவுடையது. 1929 இல் வந்த சூப்பரின் அழுத்தம் 36,500; பழையதன் அழுத்தம் 26,500. கோல்ட் நிறுவனத்தின் 1900, 1902, 1903 வடிவப் பிஸ்டல்களுக்குச் சூப்பர் உகந்ததன்று.

• 7.63 மவுசரும் 7.62 டோக்கரேவும்: ஏறத்தாழ ஒரே வடிவம் கொண்டவை. டோக்கரேவ் தோட்டா பொதுவாக வலிமை மிக்கதாதலால் மவுசர் சி96 பிஸ்டலில் தவிர்க்கப்பட வேண்டும்.

துப்பாக்கியை இனங்காணுதல்

தோட்டாவைத் தெரிவு செய்யுமுன் துப்பாக்கியைப் பயிற்சி பெற்ற, உரிமமுள்ள துப்பாக்கிப் பழுதுநர் ஒருவரிடம் காட்டுதல் வேண்டும். அவர் கவனிக்கும் கூறுகள் பின்வருமாறு:

1. முத்திரைகள்: பிரித்தானியத் துப்பாக்கிகளில் இலண்டன் அல்லது பர்மிங்காம் சோதனை நிலைய முத்திரைகள் இருக்கும். "என்.பி." எழுத்துகள் புகையிலா வெடிமருந்துச் சோதனையைக் குறிக்கும். நீள்வட்டத்துள் "ஈ.எல்.ஜி." எழுத்துகள் பெல்ஜியத்தின் லியேழ் நகரச் சோதனையைக் குறிக்கும்.
2. அறையின் அளவு: உருகிய வார்ப்புப் பொருளை அறையில் ஊற்றி அச்சு எடுத்து அளக்கப்படும். பின்னாளில் அறை கடையப்பட்டிருந்தால் இதில் தெரியவரும்.
3. குழலின் அளவு: மென்மையான ஈயத்துண்டை எண்ணெயிட்டுக் குழலினூடே செலுத்தி அதன் விட்டம் அளக்கப்படும்.
4. தேய்மானம்: ரிவால்வரின் உருளை குழலுக்கு நேராகப் பூட்டிக்கொள்கிறதா, பிஸ்டலின் சுருள்வில் தளர்ந்துள்ளதா, வெடிப்பு உள்ளதா என்பன பார்க்கப்படும்.

இவற்றுக்குப் பின்னரும் ஐயம் எஞ்சுமாயின் துப்பாக்கியைச் சுடாது வைத்திருத்தலே உரிய முடிவாகும்.

பழைய தோட்டாக்கள்

துப்பாக்கியுடன் பெட்டியில் கிடைக்கும் பழைய தோட்டா, உரிய வகையாக இருப்பினும் நம்பத்தக்கதன்று. வெப்பமும் ஈரமும் வெடிமருந்தைச் சிதைக்கின்றன. விசையை இழுத்தும் வெடிக்காவிடில், துப்பாக்கியின் வாயைப் பாதுகாப்பான திசையில் குறைந்தது 30 நொடிகள் வைத்திருக்க வேண்டும். தோட்டா தாமதமாக வெடிக்கக்கூடும். ஓசை வழக்கத்தினும் மெலிதாகக் கேட்டால் குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம். குழலைச் சோதிக்காது அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும்.

பழைய படைத்துறைத் தோட்டாக்களின் எரியூட்டியில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அதன் எச்சமான பொட்டாசியம் குளோரைடு உப்பு ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். இது எண்ணெயில் கரையாது. எனவே முதலில் நீரால் கழுவி, உலர்த்திய பின்னரே எண்ணெயிட வேண்டும்.

இந்தியச் சட்ட நிலை

1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் கட்டுப்படுத்துகிறது. .380, .455 விளிம்புள்ள தோட்டாக்களையும், படைத்துறையின் 9 மி.மீ., .45 தோட்டாக்களையும் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் கட்டுப்பாடு மிக்க வகையில் அடங்கும். பேச்சுவழக்கில் இவை "தடைசெய்யப்பட்ட போர்" எனப்படுகின்றன. ஆகவே வெப்ளி, என்ஃபீல்டு ரிவால்வர்கள் பலவும் சாதாரண உரிமத்தின்கீழ் வாரா. அறையைக் கடைந்து மாற்றுவதும் தோட்டா தயாரிப்பதும் உரிமமின்றிச் செய்யத்தக்கன அல்ல. பழுது பார்த்தும் சுட இயலாத தொன்மையான ஆயுதங்களுக்குச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு விலக்களிக்கிறது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக இரு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். மரபுரிமையாகப் பெற்றவையும் இக்கணக்கில் சேரும்.

பிளவக்கல் வட்டாரம்

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல், பெரியாறு, கோவிலாறு அணைகள் அமைந்த மலையடிவாரப் பகுதியாகும். இதனை ஒட்டிய காடுகள் 1988 இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2021 இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைக்கப்பட்டது. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிகளின் மலையடிவாரச் சிற்றூர்களில் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். சரணாலயத்திலிருந்து 10 கி.மீ.க்குள் வாழும் உரிமதாரர்கள் தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என அதன் 34 ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வெல்லைக்குள் புதிய உரிமம் வழங்கவும் அவரது இசைவு தேவை. 31 ஆம் பிரிவின்படி முன் அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துள் நுழைதல் கூடாது. எனவே மரபுரிமையாக வந்த துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்கக் காட்டோரம் ஏற்ற இடமன்று. அனுமதி பெற்ற சுடுதளமே உரியது.

இவற்றையும் பார்க்க

• சுழல்துப்பாக்கி
• கருமருந்து
• பிளவக்கல் அணை
• சாம்பல் நிற அணில் சரணாலயம்