பாசாவும் பாரியும்: ஒரு நகரத்தைக் குறை சொல்லும் உரிமை

ஆய்வின் பொருட்டு நான் கொல்கத்தாவுக்கு வந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. விடுமுறையில் தமிழகம் திரும்பும்போது, "அந்த ஊரில் எப்படித்தான் இருக்கிறாயோ!" என்று உறவினர்கள் இரங்குவார்கள். இங்கே என் வாடகை வீட்டின் உரிமையாளரோ, "எங்கள் நகரம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று ஆண்டுக்கு ஒரு முறையேனும் கேட்டுவிடுவார். ஊரில் நான் கொல்கத்தாவுக்காக வாதாடுகிறேன்; அதன் நூலகங்களையும் பழைய புத்தகக் கடைகளையும் புகழ்கிறேன். இங்கே வந்ததும் தெருவில் தேங்கும் மழைநீரைப் பற்றி முறையிடுகிறேன். இரண்டு இடத்திலும் நான் பொய் சொல்வதில்லை. ஆயினும் இரண்டு விடைகளும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த முரண் எனக்கு மட்டும் உரியதா என்ற ஐயத்துடன் பழைய நூல்களைப் புரட்டியபோது, இந்நகரத்தைப் பற்றிய கருத்துகளின் வரலாறே இப்படித்தான் நகர்ந்து வந்திருப்பது தெரிந்தது. அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1823இல் பவானிசரண் பந்த்யோபாத்யாயர் 'கலிகாதா கமலாலய்' என்ற நூலை வங்க மொழியில் வெளியிட்டார். கமலாலயம் என்பதைத் திருவாரூர்க் குளத்தின் பெயராக நாம் அறிவோம். இங்கு அது திருமகள் உறையும் இடமாகிய கல்கத்தாவைக் குறிக்கிறது. கிராமத்திலிருந்து வந்த ஒருவரும் நகரவாசி ஒருவரும் நிகழ்த்தும் உரையாடலாக அந்நூல் அமைந்திருக்கிறது. நகரத்தார் ஆசாரத்தைக் கைவிட்டுவிட்டார்கள், பேச்சில் அயல்மொழியைக் கலக்கிறார்கள் என்று தாம் கேள்விப்பட்ட குறைகளை வந்தவர் எடுத்துரைக்கிறார். நகரவாசி சிலவற்றை மறுக்கிறார்; சிலவற்றை ஒப்புக்கொண்டு காரணம் கூறுகிறார். வங்கப் பேச்சில் கலந்துவிட்ட பாரசீக, அரபுச் சொற்களின் பட்டியல் ஒன்றும் அதில் உண்டு. மொழியியல் மாணவர்கள் அந்தப் பட்டியலுக்காகவே அந்நூலைத் தேடிப் போவார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் என்னை நிறுத்தியது வேறொன்று. நகரத்துக்காக இவ்வளவு பரிந்து பேசிய அதே ஆசிரியர், 1825இல் 'நவ பாபு விலாஸ்' என்ற நூலில் கல்கத்தாவின் புதுப்பணக்காரர்களை ஈவிரக்கமின்றி எள்ளி நகையாடினார். வெளியூராருக்கு முன் வழக்குரைஞராக நின்றவர், உள்ளூராரிடம் கண்டிப்பான அண்டைவீட்டுக்காரராகிவிட்டார்.

உள்ளூரார், வெளியூரார் என்ற பிரிவினையே கல்கத்தாவில் தெளிவாக இருந்ததில்லை. வங்க மொழியில் வீட்டைக் குறிக்க இரு சொற்கள் உள்ளன. 'பாரி' என்பது குடும்பத்தின் நிலைத்த வீடு. முன்னோர் வாழ்ந்த, பூசைக்குத் திரும்பிச் செல்ல வேண்டிய இடம். 'பாசா' என்பது தொழிலுக்காகவோ படிப்புக்காகவோ எடுத்துக்கொண்ட தங்குமிடம். வடமொழி 'வாசம்' என்பதோடு உறவுடைய சொல் அது. வங்கத்தில் வகரம் பகரமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலுவலக எழுத்தர்கள் பல்லாண்டுகள் கல்கத்தாவில் வாழ்ந்தும், அங்கிருந்ததைப் பாசா என்றே சொன்னார்கள். பாரி கிராமத்தில் இருந்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதும் நகர மக்களில் பெரும்பான்மையோர் நகருக்கு வெளியே பிறந்தவர்களே. ஆண்களின் எண்ணிக்கை பெண்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பிழைக்க வந்தவர்களின் நகரம் அது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னையிலிருந்து 'ஊருக்குப் போகிறவர்களை' நினைத்துக்கொண்டால் இது நமக்கு எளிதில் விளங்கும். முப்பது ஆண்டுகள் வாழ்ந்த சென்னை அவர்கள் நாவில் ஊர் ஆவதில்லை.

வந்து தங்கிச் சென்றவர்களுள் ஒருவரை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். தம் ஓய்வூதிய வழக்குக்காகத் தில்லியிலிருந்து புறப்பட்ட மிர்சா காலிப், 1828 பிப்ரவரியில் கல்கத்தா சேர்ந்தார். அடுத்த ஆண்டு வரை அங்கே தங்கினார். வழக்கு முடிவில் அவருக்குச் சாதகமாகவில்லை. இதற்கிடையே கவியரங்கில் அவருடைய பாரசீகச் சொல்லாட்சியில் பிழை கண்டார்கள். கதீல் என்ற புலவரை மேற்கோள் காட்டினார்கள். இந்தியாவில் பிறந்த கதீல் பாரசீகத்துக்குச் சான்றாக முடியாது என்றார் காலிப். அவரும் ஆக்ராவில் பிறந்தவரே என்பது வேறு கதை. ஒரு மொழிக்கு உரியவர் யார் என்ற கேள்வியும் ஒரு நகரத்துக்கு உரியவர் யார் என்ற கேள்வியும் ஒன்றுபோலவே சிக்கலானவை. அச்சச்சரவை ஆற்றும் நோக்கில், உள்ளே முள் வைத்து, 'எதிர்க்காற்று' என்று பொருள்படும் தலைப்பில் பாரசீகக் கவிதை ஒன்றை அவர் எழுத நேர்ந்தது. இவ்வளவுக்குப் பின்னரும், கல்கத்தாவின் பசுமையையும் அழகையும் நினைத்து ஏங்கும் உருதுக் கவிதையும் அவருடையதே. நகரம் தமக்கு இழைத்ததையும் நகரத்தையும் அவர் ஒன்றாகக் கருதவில்லை.

இனி, நாற்றத்துக்கு வருவோம். கல்கத்தாவைப் பற்றிய பழைய பழிச்சொற்களுள் ஒன்று அது. அதைச் சொன்னவர்கள் வருகையாளர்கள் மட்டுமே என்று எண்ணினால் தவறு. 1836இல் அமைக்கப்பட்ட காய்ச்சல் மருத்துவமனைக் குழுவின் முன் நகரவாசிகள் சாட்சியம் அளித்தார்கள். சாக்கடை, குளம், குடிநீர் பற்றிய குறைகள் அதன் பதிவுகளில் நிறைந்திருக்கின்றன. வரி கொடுப்பது வடக்கிலுள்ள இந்தியர் பகுதியும்தான், நலம் பெறுவதோ தெற்கிலுள்ள ஐரோப்பியர் பகுதி என்ற மனக்குறை அந்நூற்றாண்டு முழுவதும் கேட்டது. 1862 அளவில் வெளிவந்த காளிபிரசன்ன சிங்கரின் 'ஹுதோம் பியாஞ்சார் நக்‌ஷா' நகரத்தின் ஒழுக்கக்கேட்டைத் தெருப்பேச்சிலேயே கிண்டல் செய்தது. அவர் கல்கத்தாவின் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. தம் வீட்டுக் குப்பையைத் தாமே கிளறினார்.

1888இல் இருபத்திரண்டு வயது ருட்யார்டு கிப்ளிங், அலகாபாத்தின் 'பயனியர்' இதழில் கல்கத்தாவைப் பற்றித் தொடர் எழுதினார். அவரும் நாற்றத்தைத்தான் எழுதினார். ஆனால் அதிலிருந்து அவர் சென்று சேர்ந்த இடம் வேறு: இந்தியர்களிடம் நகராட்சியை ஒப்படைத்ததன் விளைவு இது என்றார்.

மொழியியலில் ஜே. எல். ஆஸ்டின் நமக்குக் கற்பித்த பாடம், சொல்வதும் ஒரு செயல் என்பது. ஒரே வாக்கியம் வேண்டுகோளாகலாம், எச்சரிக்கையாகலாம், வாக்குறுதியாகலாம். 'இந்நகரம் நாறுகிறது' என்ற வாக்கியத்தைச் சாக்கடை வேண்டி நகரவாசி சொல்லும்போது அது முறையீடு. இவர்களுக்கு ஆளத் தெரியாது என்பதற்குச் சான்றாகச் சொல்லப்படும்போது அது தீர்ப்பு. முறையீடு செய்பவர் நாளையும் அங்கேயே இருப்பார். ஆகவே அவர் மாற்றத்தை எதிர்பார்க்கிறார். தீர்ப்பு வழங்குபவருக்கு அந்த எதிர்பார்ப்பு தேவையில்லை.

இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடவில்லை. 1876ஆம் ஆண்டுச் சட்டம் கல்கத்தா நகராட்சியின் 72 உறுப்பினர்களுள் 48 பேரை வரிசெலுத்துவோர் தேர்ந்தெடுக்க வழிசெய்தது. 1888ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 75க்கு 50 ஆயிற்று. பின்னர் வங்காளத் துணைநிலை ஆளுநர் அலெக்சாண்டர் மெக்கன்சி, நகரின் சுகாதாரச் சீர்கேட்டை முன்னிறுத்தி நகராட்சியைக் கடுமையாகச் சாடினார். அதைத் தொடர்ந்து வந்த மசோதா, கர்சன் காலத்தில் 1899இல் சட்டமானது. தேர்ந்தெடுக்கப்படுவோர் 50இலிருந்து 25ஆகப் பாதியாகக் குறைக்கப்பட்டனர். சுரேந்திரநாத் பானர்ஜி உள்ளிட்ட 28 உறுப்பினர்கள் பதவி விலகினர். நாற்றத்தைப் போக்க வேண்டும் என்று முறையிட்ட மக்களிடமிருந்து, அந்நாற்றத்தையே காரணம் காட்டி உரிமை பறிக்கப்பட்டது. அதை மீட்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று: அமைச்சரான அதே சுரேந்திரநாத் 1923இல் புதிய சட்டத்தைக் கொண்டுவந்தார், 1924இல் சித்தரஞ்சன் தாஸ் முதல் மேயரானார்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இக்கதை தொடர்ந்தது. 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி, கல்கத்தாவைச் செத்துக்கொண்டிருக்கும் நகரம் என்று சொன்னது இங்கே இன்றும் நினைவில் இருக்கிறது. அதே ஆண்டில் தோமினிக் லாப்பியரின் 'மகிழ்ச்சி நகரம்' வெளிவந்தது. அந்நாவலுக்கு ஆதாரமான பில்கானா குடிசைப் பகுதி, கங்கையின் மறுகரையில் ஹவுராவில் இருக்கிறது. அதைப் படமாக்க 1991இல் வந்த குழுவுக்கு எதிராக நகரத்தில் போராட்டங்கள் நடந்தன. வறுமையை விற்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. இன்றோ விளம்பரப் பலகைகளிலும் பூசைப் பந்தல்களிலும் நகரத்தின் செல்லப்பெயர் 'மகிழ்ச்சி நகரம்' என்பதுதான். வெளியூரார் வைத்த பெயரைக் கோபத்தோடு மறுத்தவர்கள், பிறகு அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். கடுமையாக எழுதிய ஜெர்மானிய எழுத்தாளர் குந்தர் கிராஸின் நிலையும் எளிதன்று. நகரத்தின் மீது வெறுப்பைக் கொட்டியவர், 1986இல் திரும்பி வந்து மாதக்கணக்கில் தங்கினார், 2005இலும் வந்தார். பாசாவாவது எடுத்துத் தங்கியவரின் கோபத்தை இந்நகரம் பொறுத்துக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை எழுதியதை வைத்து, உள்ளூரார் முறையிடுவார்கள், வெளியூரார் தீர்ப்பளிப்பார்கள் என்று முடித்துவிடலாம். அது வசதியான முடிவு, உண்மையாகாது. 1876இல் வாக்குரிமை பெற்றவர்கள் வரிசெலுத்திய வசதியுள்ளவர்கள். குடிசைப் பகுதிகளிலும் பாசாக்களிலும் வாழ்ந்த பெரும்பான்மையோருக்கு அது இல்லை. 1947க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வந்து சியால்தா நிலைய நடைமேடைகளில் குடும்பங்களாகக் கிடந்தபோது, நகரம் பாழாகிவிட்டது என்று வருந்தியவர்கள் நகரவாசிகள்தாம். 1996 நவம்பரில் நடைபாதைக் கடைகளை இரவோடிரவாக அகற்றிய நடவடிக்கைக்கு, நடக்க இடமில்லை என்று நெடுங்காலம் குறைகூறி வந்த நகரவாசிகள் பலரின் ஆதரவு இருந்தது. கடைகளை இழந்தோருள் பிரிவினை அகதிக் குடும்பத்தார் பலர். ஒரு நூற்றாண்டுக்கு முன் தம்மீது வழங்கப்பட்ட அதே வகைத் தீர்ப்பை, பின்னால் வந்தவர்கள் மீது முன்னால் வந்தவர்கள் வழங்கினார்கள். முன்னால் வந்தவர்களின் பாட்டனாரும் பாசாவில் இருந்தவரே.

2003இல் கல்கத்தா உயர்நீதிமன்றம், ஜாப் சார்னாக்கை இந்நகரத்தை நிறுவியவராகக் கொள்ள முடியாது என்றும், அவர் வந்திறங்கிய 1690 ஆகஸ்ட் 24ஐ நகரத்தின் பிறந்த நாளாகக் கொள்ள முடியாது என்றும் கூறியது. இந்நகரத்தைப் பற்றிய தீர்ப்புகளில் எனக்கு மிகவும் உகந்தது அதுதான். நிறுவியவர் என்று ஒருவர் இல்லாத ஊரில், முதலில் வந்தவர் என்ற உரிமையை யாரும் நாட்ட முடியாது. எல்லோரும் ஏதோ ஒரு நாள் வந்து சேர்ந்தவர்களே.

2001இல் சுமார் 45.7 லட்சமாக இருந்த கொல்கத்தா மாநகராட்சியின் மக்கள்தொகை, 2011இல் சுமார் 44.97 லட்சமாகக் குறைந்தது. பிழைக்க வந்தவர்களின் நகரத்திலிருந்து இப்போது பிள்ளைகள் பிழைக்கப் போகிறார்கள். என் வீட்டு உரிமையாளரின் மகன் பெங்களூரில் இருக்கிறார். தொலைபேசியில் பேசி முடித்ததும் அவர், "பையனுடைய பாசாவில் தண்ணீர் வரவில்லையாம்" என்றார். எட்டு ஆண்டுகளாகியும் அது பாசாதான்.

இங்கே புதிதாக அறிமுகமாகிறவர்கள், "உங்கள் தேஷ் எங்கே?" என்று கேட்பார்கள். தேஷ் என்றால் நாடு மட்டுமன்று, சொந்த ஊரும்கூட. நான் தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்வேன். சென்ற மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு நீர் நின்றபோது, மாநகராட்சிக்கு எழுதிய மனுவில் தெருவார் அனைவரும் கையெழுத்திட்டார்கள். உரிமையாளர் என்னிடமும் தாளை நீட்டினார். "நான் வாடகைக்கு இருப்பவள்தானே" என்றேன். "தண்ணீர் உங்கள் அறைக்குள்ளும்தானே வந்தது" என்றார். கையெழுத்திட்டேன். இந்நகரத்தைப் பற்றி நான் சொன்ன குறைகளுள் அந்த ஒன்றை மட்டும் முறையீடு என்று தயக்கமின்றிச் சொல்வேன்.