வாசலும் வரியும்

மலாக்கா மாநிலத்தின் வடபாகத்தில், அலோர் காஜா மாவட்டம் முடிந்து நெகிரி செம்பிலான் தொடங்கும் விளிம்பில் அமைந்த புலாவ் செபாங்கிலே, ரயில் நிலையம் ஒரு மாநிலத்திலும், அந்நிலையத்திற்கு நெடுங்காலம் தன் பெயரை ஈந்திருந்த தம்பின் நகரம் மற்றொரு மாநிலத்திலுமாக இருப்பதால், அடுத்தடுத்து வாழும் இரண்டு குடும்பங்கள் ஒரே சந்தையில் காய்கறி வாங்கினாலும், வீட்டு வரியை இரண்டு வெவ்வேறு மன்றங்களுக்குச் செலுத்துவது இங்கே இயல்பான காரியம். மதிப்பீட்டு வரி என்று நாம் எழுதுகிற இதனை ஜனங்கள் பேச்சில் 'சுக்காய் பிந்து' என்றே சொல்லுகிறார்கள். பிந்து என்றால் மலாய் மொழியில் கதவு. சட்டப் புத்தகத்தில் 'ஆண்டு மதிப்பு', 'உடைமை' என்றெல்லாம் பேசப்படும் ஒரு விஷயத்தை ஊர்வாய் ஒரே சொல்லில் கதவின்மேல் கொண்டுபோய் வைத்துவிட்டது. அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்தால், இந்த மண்ணின் சரித்திரமும், இங்கே வந்து குடியேறிய தமிழனுடைய சரித்திரமும் சேர்ந்தே வெளிப்படுகின்றன.

வாசலைக் கணக்கிட்டு வரி வாங்குவது தமிழருக்குப் புதிதன்று. விஜயநகர காலத்துத் தமிழ்ச் சாசனங்களில் 'வாசற்பணம்' என்ற பெயர் வருகிறது. அதற்கும் முந்திய சோழர் காலத்தில், இராஜராஜன் நாட்டை அளப்பித்துத் தஞ்சைப் பெரிய கோயிலில் பொறிப்பித்த சாசனங்களைப் படிப்பவர்கள், ஊரின் முழு விஸ்தீரணத்தைச் சொன்னபின் குடியிருப்பு நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சிய நிலத்திற்கே வரி நிர்ணயிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நிலத்தை ஒரே பொருளாகக் கருதாமல், அது எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டு, அதற்கேற்பப் பாரத்தை வகுப்பது என்னும் நியாயம் அன்றே வேரூன்றியிருந்தது.

அந்த நியாயம் தவறினால் என்ன விளையும் என்பதற்குப் புலாவ் செபாங்கின் அண்டை நிலமாகிய நானிங்கே சாட்சி. டச்சுக்காரர் ஆட்சியில் நானிங் மக்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தரவேண்டும் என்று ஏட்டில் இருந்தபோதிலும், 1765இல் அது ஆண்டுக்கு 400 கந்தாங் (மலாய் முகத்தலளவை) நெல் என்று சுருக்கப்பட்டு, பெயரளவான காணிக்கையாகவே நின்றுவிட்டது. 1824ஆம் ஆண்டின் ஆங்கில–டச்சு உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலேயர் வசமானதும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் பழைய ஏட்டைப் புரட்டிப் பத்தில் ஒரு பங்கையே முழுமையாகக் கேட்டார்கள். நானிங்கின் பெங்ஹுலுவாகிய, அதாவது தலைவராகிய, டோல் சாயிட், தம் மக்கள் கொடுத்தறியாததைக் கொடுக்க மறுத்தார். 1831இல் அவரை அடக்கச் சென்ற படை தோற்றுத் திரும்பியது; மறு ஆண்டு பெரும்படை காட்டை வெட்டிப் பாதை அமைத்துக்கொண்டு போய் அவருடைய இருப்பிடமாகிய தாபோவைப் பிடித்தது. அந்தப் படைகளில் சென்னை ராணுவத்துச் சிப்பாய்கள் இருந்தார்கள் என்பதையும், வசூலிக்க எண்ணிய தொகைக்குச் சற்றும் பொருந்தாத பெருஞ்செலவு அந்த யுத்தத்தில் கரைந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. வரி கொடுக்கிறவனைக் கேளாமல் ஏட்டை மட்டும் கேட்டு விகிதம் வகுத்ததன் பலன் அது.

இதன்பின் கால் நூற்றாண்டு கழிந்து, மலாக்கா இன்னும் இந்திய அரசாங்கத்தின் ஆளுகையில் இருந்தபோது, 1856ஆம் ஆண்டின் 25ஆவது சட்டம் பிறந்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களுக்கும், பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகிய குடியேற்ற நிலையங்களுக்கும் நகர வரியை மதிப்பிட்டு வசூலிக்கும் முறையை ஒருசேர வகுத்த சட்டம் அது. சென்னையின் ஒரு தெருவில் வீட்டு வரி செலுத்தியவனும், மலாக்காவின் கடைவீட்டில் வரி செலுத்திய தமிழ் வணிகனும் ஒரே விதியின் கீழ் நின்றார்கள் என்பது, இன்று எண்ணிப் பார்க்கையில் வியப்பைத் தருகிறது. ஆனால் அந்த விதியின் எல்லை நகரத்தோடு நின்றது.

நகரத்திற்கு வெளியே வேறொரு உலகம் உருவாகிக்கொண்டிருந்தது. 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் அமைத்ததைத் தொடர்ந்து, காடாகவும் மரவள்ளிக் கொல்லையாகவும் கிடந்த மலாக்காவின் உட்பகுதி ரப்பர் தோட்டமாக மாறிற்று. 1905இல் தம்பினிலிருந்து மலாக்காவுக்குக் கிளை ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணியின் பின்னால் வந்த நம் மூதாதையர், லயங்களில் குடியேறி, பால்மரம் வெட்டி, கோயில் எழுப்பி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கண்டார்கள். ஜப்பானியர் வந்த காலத்தில் இதே கிளைப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு சயாம்–பர்மா ரயிலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அந்த மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரும் கொண்டு செல்லப்பட்டு, மீளாமலே போனவர் பலர்.

தோட்டத்து வாழ்க்கையில் வரி என்ற பேச்சுத் தொழிலாளியின் காதில் விழுந்ததில்லை. எத்தனையோ வீடுகளும், கோயிலும், கொட்டகையும் ஒரே விவசாய நிலப்பட்டாவுக்குள் அடங்கின; பட்டா தோட்டக் கம்பெனியினுடையது; தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் துரையின் பொறுப்பு. வரி இல்லை என்பது பாரமின்மையாகத் தோன்றலாம். உண்மையில் அது பெயரின்மை. ஐம்பது ஆண்டு குடியிருந்தவனுடைய வாசலும் எந்த ஏட்டிலும் அவன் பெயரால் எழுதப்படவில்லை. ஆகவே தெருவிளக்கு எரியவில்லை என்று எந்தச் சபையிடமும் போய்க் கேட்கும் உரிமை அவனுக்கு இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, லயத்தை விட்டு வெளியேறியவன் கையில் அந்த வாசலுக்குரிய ஆதாரமாக ஒரு காகிதத் துண்டும் இல்லாமற் போனதற்கும் காரணம் இதுவே.

சுதந்திரத்தின் பின் உள்ளூராட்சியைச் சீர்திருத்த வேண்டுமென்ற எண்ணம் எழுந்தபோது, 1965இல் அமைந்த விசாரணைக் கமிஷனுக்குத் தலைமை வகித்தவர் ஆதி நாகப்பன் என்னும் தமிழர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. அன்று மேற்கு மலேசியாவில் பல வகைப்பட்ட 374 உள்ளூராட்சி அமைப்புகள் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தவும், ஜனங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சபைகளையே நிலைநிறுத்தவும் கமிஷன் பரிந்துரைத்தது. ஒழுங்கு வந்தது, தேர்தல் வரவில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் (சட்டம் 171) சபை உறுப்பினரை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைப்படுத்தியது. நம் பகுதிக்குரிய மாவட்ட மன்றம் 2003இல் அலோர் காஜா நகராண்மைக் கழகமாக உயர்ந்தது.

உள்ளூராட்சிச் சட்டம் வரியை நிர்ணயிக்கும் விதம் நுட்பமானது. தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என மூவகையாகப் பிரிக்கிறது. மாநிலத்திற்குச் செலுத்தும் நில வரி அந்த வகையை ஒட்டியது. மன்றமோ அந்நிலத்தில் வீடு உண்டா, கடை உண்டா, ஆலை உண்டா என்ற பயனையும், அது அமைந்த வட்டாரத்தையும் நோக்கி, வெவ்வேறு விகிதங்களை மாநில அதிகாரத்தின் சம்மதத்தோடு விதிக்கிறது. வீட்டுக்கு, ஓர் ஆண்டில் நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகையே ஆண்டு மதிப்பு. வெற்று நிலத்திற்கு, சந்தை விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டு மதிப்பு. நானிங்கை எரித்த அதே பின்னம், இங்கே வரியாக அல்ல, வரியைக் கணிக்கும் அளவுகோலாக வந்து நிற்கிறது. மாதம் 500 வெள்ளி வாடகை பெறத்தக்க வீட்டின் ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. 60,000 வெள்ளி பெறும் வெற்று மனைக்கும் அதே 6,000 வெள்ளிதான். அதன்மேல் நூற்றுக்கு ஐந்து என்று விகிதம் வைத்தால் ஆண்டுக்கு 300 வெள்ளி, அரையாண்டுக்கு 150 வெள்ளி ஆகும். விகிதம் எவ்வளவு ஏறினாலும் ஆண்டு மதிப்பில் நூற்றுக்கு 35ஐத் தாண்டலாகாது என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. தெற்கே ஜொகூரில் வாடகையை நோக்காமல் சொத்தின் விலையையே அடிப்படையாகக் கொள்கிறார்கள். அங்கே வரம்பு நூற்றுக்கு 5. வழிபாட்டுக்கென்றே விளங்கும் கோயிலும், பொது இடுகாடும் சுடுகாடும், பள்ளிக்கூடமும், ஆதாயம் கருதாதவையாயின், வரியினின்று விலக்குப் பெறலாம். தஞ்சைச் சாசனத்தில் கழித்துக் கணக்கிட்ட கோயிலும் சுடுகாடும் ஆயிரம் ஆண்டுக்குப்பின் மலாக்காவிலும் கழிக்கப்படுகின்றன.

தோட்டத்தை விட்டு வந்து தாமான் ஒன்றில் சிறு வீடு வாங்கிய குடும்பத்திற்கு முதல் மதிப்பீட்டு வரி பில் வந்தபோது, அது செலவுக் காகிதமாகவே தோன்றியிருக்கும். ஆயினும் மூன்று தலைமுறையாக எழுதப்படாதிருந்த ஒரு வாசல், அன்றுதான் குடியிருப்பவனுடைய பெயராலேயே எழுதப்பட்டது. எழுதப்பட்டவனுக்குச் சட்டம் சில அதிகாரங்களையும் தருகிறது. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரானதும் மன்றம் அறிவிக்க வேண்டும்; அவன் அதைப் பார்வையிடலாம்; குறித்த தவணைக்குள் எழுத்து மூலமாக ஆட்சேபிக்கலாம்; தீர்ப்புத் திருப்தியளிக்காவிட்டால் உயர்நீதிமன்றம் வரை செல்லலாம். டோல் சாயிட் துப்பாக்கியைக் கொண்டு சொல்ல நேர்ந்ததை, இன்று ஒரு தாளில் எழுதிச் சொல்ல வழி இருக்கிறது. அந்த வழியை அறியாமல், வந்த தொகையைக் கட்டிவிட்டு வீட்டிற்குள் முணுமுணுப்பது, முன்னோர் பெறாத ஓர் உரிமையை நாமே கைநழுவ விடுவதாகும்.

ஆட்சேபிப்பதற்குரிய காரணங்களைச் சட்டம் வரிசையாகச் சொல்லுகிறது. மதிப்பு மிகுதியாயிருப்பது அவற்றில் ஒன்று. பட்டியலில் இடம்பெறவேண்டிய ஒருவர் விடுபட்டுப் போயிருப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது காரணத்தைப் படிக்கும்போதெல்லாம், புலாவ் செபாங்கைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்து, உழைத்து, அந்த மண்ணிலேயே அடங்கிய லயத்து மனிதர்கள் என் நினைவில் எழுகிறார்கள். எழுபது, எண்பது ஆண்டுகள் அவர்களுடைய வாசல்கள் ஏட்டில் விடுபட்டிருந்தன. அவர்களுக்காக எழுந்து ஆட்சேபம் சொல்ல அன்று ஒருவரும் இல்லை.