கார்த்திகை விளக்கீடு (விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்)
கார்த்திகை மாதப் பௌர்ணமியை ஒட்டி (நவம்பர்–டிசம்பர்) வீடுகளில் கொண்டாடப்படும் ஒளித் திருநாள். ஆண்டின் மிக நீண்ட இரவு (டிசம்பர் 21 அல்லது 22) நெருங்கும் காலத்தில் வருவது. அகநானூறும் நற்றிணையும் கார்த்திகை விளக்கைக் குறிப்பிடுகின்றன.

வழக்கம்: அண்ணாமலையார் மலையில் மாலையில் மகாதீபம் ஏற்றும் வேளையில் வாசற்படி, மாடம், கிணற்றடி, மாட்டுத்தொழுவம் ஆகிய இடங்களில் அகல் விளக்கேற்றுவர். பொரி உருண்டை படைப்பர்.

மாவளி: பனைமரங்கள் மிகுந்த இவ்வட்டாரத்தின் தனி அழகு. ஆண் பனையின் காய்ந்த பூவைக் கரியாக்கிப் பொடித்து, பருத்தித் துணியில் சுருட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுவர். கயிற்றில் பிணைத்து நெருப்பிட்டுச் சுழற்றினால் பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சிதறும். வெடிமருந்து சிறிதும் சேராத, காக்கப்பட வேண்டிய கைத்திறன் இது.