போதையை அளந்த சட்டம்

ஒருவர் இரவில் காரை ஓட்டிக்கொண்டு வருகிறார். காவலர் கை காட்டி நிறுத்துகிறார். "நீங்கள் குடித்திருக்கிறீர்கள்" என்கிறார் காவலர். "இல்லவே இல்லை" என்கிறார் ஓட்டியவர். நீங்கள் நீதிபதியாக இருந்தால் யாரை நம்புவீர்கள்? குடித்திருந்தார் என்று மெய்ப்பிக்கப்பட்டால் அவருக்கு என்ன தண்டனை கொடுப்பீர்கள்? எவருக்கும் தீங்கு நேராமல் வீடு போய்ச் சேர்ந்தவருக்கு ஒரு தண்டனையும், அதே அளவு குடித்துவிட்டு ஒருவரைக் கொன்றவருக்கு வேறொரு தண்டனையும் கொடுப்பது நியாயமா?

இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண உலக நாடுகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வருகின்றன. வேதியியல், புள்ளியியல், நீதி ஆகிய மூன்றும் கைகோத்து நடந்த வரலாறு அது.

குதிரை வண்டிக் காலச் சட்டம்

மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பே குடிபோதையில் வண்டி ஓட்டுவது குற்றமாகிவிட்டது. இங்கிலாந்தில் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பொதுப் பாதையில் வண்டி, குதிரை, கால்நடை, நீராவி எந்திரம் ஆகியவற்றைக் குடிபோதையில் நடத்திச் செல்பவரைத் தண்டித்தது. 40 ஷில்லிங் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை.

1897 செப்டம்பர் 10 அன்று ஜார்ஜ் ஸ்மித் என்னும் 25 வயது வாடகை வண்டி ஓட்டுநர், லண்டன் நியூ பாண்ட் தெருவில் தம் மின்சார வண்டியை ஒரு கட்டடத்தின்மீது மோதினார். குடித்திருந்ததை அவரே ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினார். குடித்துவிட்டு மோட்டார் வண்டி ஓட்டியதற்காகத் தண்டனை பெற்ற முதல் மனிதர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம்.

எல்லாரும் ஸ்மித்தைப் போல ஒப்புக்கொள்வார்களா? 1930-ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், வண்டியைச் சரிவர அடக்கி ஓட்ட இயலாத அளவுக்குப் போதை இருந்தால்தான் குற்றம் என்றது. அந்த அளவு எது? காவலர் நிலையத்துக்கு மருத்துவர் வருவார். கோட்டின்மேல் நடக்கச் சொல்வார். நாக்குப் புரளும் வாக்கியத்தைச் சொல்லச் சொல்வார். கண்ணைப் பார்ப்பார், மூச்சை முகர்வார். பிறகு தம் கருத்தைக் கூறுவார். மறுதரப்பு வழக்கறிஞர் வேறொரு மருத்துவரை அழைத்து வந்து நேர்மாறான கருத்தைக் கூறச் செய்வார். தீர்ப்புக் கூறும் சான்றாளர் குழுவிலோ, மாலையில் மதுக்கடைக்குச் சென்று தாமே வண்டி ஓட்டித் திரும்பும் கனவான்கள் அமர்ந்திருப்பார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவரிடம் அவர்கள் தங்களையே கண்டார்கள். பலர் தப்பித்தனர்.

ஒரு துளி இரத்தம்

விடை ஸ்வீடனிலிருந்து வந்தது. லுண்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் விட்மார்க், விரல் நுனியிலிருந்து எடுத்த சிறிதளவு இரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் உள்ளது என்று அளக்கும் முறையை 1922-இல் வெளியிட்டார். கந்தக அமிலத்தில் கரைத்த பொட்டாசியம் டைகுரோமேட் ஆல்கஹாலுடன் வினைபுரியும். எவ்வளவு டைகுரோமேட் செலவாயிற்று என்று கணக்கிட்டால் ஆல்கஹாலின் அளவு தெரிந்துவிடும்.

விட்மார்க் மற்றொன்றையும் காட்டினார். உடல் ஆல்கஹாலை ஏறத்தாழச் சீரான வேகத்தில் எரித்துத் தீர்க்கிறது. பொதுவாக 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரைதான் குறையும். மோர் குடித்தாலும், எலுமிச்சம்பழச் சாறு பருகினாலும், தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாலும் இந்த வேகம் கூடாது. "ஒரு காப்பி குடித்தால் எல்லாம் இறங்கிவிடும்" என்று சொல்பவர், தூக்கம் தெளிந்த குடிகாரராகத்தான் வண்டியில் ஏறுகிறார்.

1936-இல் நார்வே ஒரு புதுமை செய்தது. இரத்தத்தில் ஆல்கஹால் ஆயிரத்தில் அரைப் பங்கைத் தாண்டினால் அதுவே குற்றம் என்று சட்டம் இயற்றியது. தடுமாறினாரா, நன்றாக ஓட்டினாரா என்ற கேள்விக்கு இனி இடமில்லை. ஸ்வீடன் 1941-இல் இதே வழியில் ஆயிரத்தில் 0.8 பங்கு என்று எல்லை வகுத்தது. ஒருவரின் கருத்து இருந்த இடத்தில் ஓர் எண் வந்து அமர்ந்தது.

மூச்சு சொல்லும் உண்மை

நடுச்சாலையில் இரத்தம் எடுப்பது எளிதன்று. ஆனால் நுரையீரலில் இரத்தமும் காற்றும் மிக மெல்லிய சுவருக்கு இருபுறமும் நிற்கின்றன. இரத்தத்தில் உள்ள ஆல்கஹாலில் ஒரு சிறு பங்கு ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. 2,100 மில்லிலிட்டர் மூச்சில் இருக்கும் ஆல்கஹால், 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலுக்குச் சமம் என்பது பல கருவிகளுக்கு அடிப்படையாக அமைந்த கணக்கு. மூச்சை அளந்தால் இரத்தத்தை அளந்தது போலத்தான்.

அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோலா ஹார்கர் 1930-களில் இதற்கு ஒரு கருவி செய்தார். ஓட்டுநர் பலூனை ஊதுவார். அந்தக் காற்று, ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசல் வழியே செல்லும். ஆல்கஹால் இருந்தால் நிறம் வெளுக்கும். இந்தியானா மாநிலக் காவல் துறையில் புகைப்படப் பிரிவில் பணிபுரிந்த ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் 1954-இல் இதைவிட எளிய கருவியை அமைத்தார். டைகுரோமேட்டின் மஞ்சள் நிறம் எவ்வளவு மங்கியது என்பதை அதில் ஒளிமின்கலமே அளந்து சொன்னது.

எந்த எண்ணை எல்லையாகக் கொள்வது? இதற்கும் போர்க்கென்ஸ்டைன் குழுவினர் வழிகாட்டினர். 1962-63-இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், விபத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களின் மூச்சைச் சோதித்தனர். அதே இடங்களில் விபத்தின்றிச் சென்ற ஆயிரக்கணக்கானவர்களின் மூச்சையும் சோதித்தனர். இரண்டையும் ஒப்பிட்டபோது, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 40 மில்லிகிராமுக்கு மேல் ஆபத்து ஏறத் தொடங்குவதும், 80-ஐத் தாண்டினால் செங்குத்தாக உயர்வதும் தெரிந்தன.

பிரிட்டனின் சோதனை

1967 அக்டோபர் 9 முதல் பிரிட்டனில் 80 மில்லிகிராம் எல்லையும் சாலையோர மூச்சுச் சோதனையும் நடைமுறைக்கு வந்தன. இதைக் கொண்டுவந்த போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் அம்மையார், கார் ஓட்டத் தெரியாதவர். "கார் ஓட்டத் தெரியாத பெண்ணா எங்களுக்குச் சட்டம் போடுவது?" என்று எதிர்ப்பாளர்கள் கொதித்தனர். மதுக்கடைக்காரர்கள் போராடினர். கொலை மிரட்டல்களும் வந்தன. அவர் பின்வாங்கவில்லை.

முதல் ஆண்டில் சாலை மரணங்கள் ஆயிரத்துக்கு மேல் குறைந்தன. குடியர்கள் மிகுதியாக வண்டி ஓட்டும் வார இறுதி இரவுகளில் வீழ்ச்சி மிகப் பெரிதாக இருந்தது. குடியும் விபத்தும் தொடர்புடையவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஆனால் சில ஆண்டுகளில் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியது. சட்டம் மாறவில்லை, தண்டனையும் குறையவில்லை. பிறகு ஏன்? லாரன்ஸ் ராஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியலார் இதை ஆராய்ந்து விளக்கம் தந்தார். தொடக்கத்தில் ஒவ்வொரு தெருமுனையிலும் சோதனை நடக்கும் என்று மக்கள் அஞ்சினர். நாளடைவில், பிடிபடும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அனுபவத்தில் கண்டுகொண்டனர். அச்சம் போயிற்று, பழைய பழக்கம் திரும்பிற்று.

இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764-இலேயே, குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையன்று, அது தப்பாமல் கிடைக்கும் என்னும் உறுதியே என்று வாதிட்டிருந்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் சாலைகள் அதை மெய்ப்பித்தன.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. 1982 டிசம்பரில், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த ஓட்டுநரையும் நிறுத்தி ஊதச் சொல்லும் முறையை அங்கே தொடங்கினர். உரிமம் பெற்ற மூவருக்கு ஒரு சோதனை என்னும் அளவில் ஆண்டுதோறும் சோதித்தனர். மரணங்கள் உடனே குறைந்தன. அந்தக் குறைவு நீடிக்கவும் செய்தது.

இதற்கு நேர்மாறான அனுபவம் ஸ்காட்லாந்தினுடையது. 2014 டிசம்பரில் எல்லையை 80-இலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைத்தனர். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தோடும் வேல்ஸோடும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, விபத்துகள் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. சாலையில் சோதனையும் பெருக வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம்.

நம் நாட்டில்

இந்தியாவின் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வண்டியை அடக்கி ஓட்ட இயலாத அளவுப் போதை என்னும் பழைய ஆங்கிலேய முறையில் பிறந்தது. அதன் இடத்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம், மூச்சுக் கருவி காட்டும் 30 மில்லிகிராமை எல்லையாக்கியது. பிரிட்டன் 1967-இல் வகுத்த எல்லையில் பாதிக்கும் குறைவு இது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் குற்றத்துக்கு 2,000 ரூபாய் வரை என்றிருந்த அபராதத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியது. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

உயிர்போனால்? 2006 நவம்பரில் மும்பையில் குடித்திருந்த ஒருவர் ஓட்டிய கார், நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள்மீது ஏறியது. ஏழு பேர் இறந்தனர். விசாரணை நீதிமன்றம் இதைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று கொண்டு ஆறு மாதச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறையாக்கியது. குடித்துவிட்டு வேகமாக ஓட்டினால் உயிர் போகக்கூடும் என்று அறிந்தே செய்த செயல் இது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு இரண்டு ஆண்டாக இருந்த உச்சத் தண்டனை, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஐந்தாண்டாகியுள்ளது.

இறந்த தொழிலாளியின் மனைவிக்கு ஆறு மாதம் என்பது நீதியாகப் படுமா? படாது. கடுமையான தண்டனை வேண்டும் என்னும் குரலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்டனை மரணத்துக்குப் பின் வருவது. குடித்துவிட்டுச் சாவியைக் கையில் எடுப்பவர், "நான் யாரையும் கொல்லப் போவதில்லை" என்றே நம்புகிறார். பத்தாண்டுச் சிறையும் அவரை எட்டுவதில்லை. அடுத்த திருப்பத்தில் காவலர் நிற்பார், உரிமம் பறிபோகும் என்னும் நினைப்புத்தான் அவரை எட்டும்.

அளவுகோல் இல்லாத மயக்கம்

இன்று வேறொரு மயக்கமும் சாலைக்கு வந்துவிட்டது. கைப்பேசிதான் அது. 1997-இல் வெளியான ஒரு கனடா நாட்டு ஆய்வு, ஓட்டும்போது தொலைபேசியில் பேசுபவருக்கு மோதும் ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டது. கையில் பிடிக்காமல் பேசும் கருவியும் தெளிவான பாதுகாப்பைத் தரவில்லை. கை விடுதலையானாலும் மனம் விடுதலையாவதில்லை.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். மூன்று நொடி திரையைப் பார்த்தால், 50 மீட்டர் தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். அந்த 50 மீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூட வாசல் இருக்கலாம்.

பிரிட்டன் 2003 டிசம்பரில் கையில் பிடித்துப் பேசுவதைத் தடை செய்தது. 2022-இல் சட்டத்தை மேலும் இறுக்கியது. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்கிறது. ஆனால் சிதறிய கவனத்தை அளக்கும் மூச்சுக் கருவி எதுவும் இல்லை. இந்தக் குற்றத்தில் நாம் இன்னும் 1930-இல் நிற்கிறோம்: காவலர் பார்த்தேன் என்கிறார், ஓட்டியவர் இல்லை என்கிறார்.

எது சரியான தண்டனை?

வரலாறு காட்டும் விடை இது. குற்றம் மோதலில் தொடங்குவதில்லை. போதையோடு வண்டியைக் கிளப்பும்போதே தொடங்கிவிடுகிறது. ஆகவே அந்தச் செயலையே தண்டிக்க வேண்டும். தண்டனை மிகப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. தவறாமலும் தாமதமின்றியும் கிடைக்க வேண்டும். பணக்காரருக்கு அபராதம் ஒரு விருந்துச் செலவு. ஏழைக்கோ ஒரு மாத வருவாய். உரிமத்தை நிறுத்தி வைப்பது இருவரையும் ஓரளவு சமமாகத் தொடும். ஓட்டுவதே தொழிலாகக் கொண்டவருக்கு அது வயிற்றில் அடிப்பதாகும் என்பதையும் சட்டம் மறக்கக் கூடாது. முதல் முறையில் குறுகிய காலம், மறுமுறையில் நீண்ட காலம் என்று படிப்படியாக ஏற்றலாம்.

அடுத்த முறை சாலையோரத்தில் காவலர் ஒருவர் உங்களையோ உங்கள் தந்தையாரையோ நிறுத்தி ஊதச் சொன்னால், நம்மைச் சந்தேகிக்கிறாரே என்று வருந்தாதீர்கள். சந்தேகம் இல்லாதவரையும் சோதிக்கும் ஊரில்தான் நடைபாதையில் உறங்குபவர் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார்.